இலையுதிர்காலத்து ஓடைக்குப் பொறியோடு திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வட அமெரிக்காவின் ஏரி மாநிலங்களில், மக்காச்சோள அறுவடை முடியும் வேளையில், ஓடைகளிலும் வடிகால் வாய்க்கால்களிலும் மென்மயிர்த் தோலுக்காகப் பொறி வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. தெற்கு மின்னசோட்டாவில் குடியேறிய பிறகு, அடுத்த பண்ணையில் இருந்த முதிய விவசாயி ஒருவரிடம் நான் இதைக் கற்றுக்கொண்டேன். எட்டுப் பருவங்கள் செய்துவிட்டு ஒன்பது ஆண்டுகள் விட்டிருந்தேன். பிறகு மீண்டும் தொடங்கினேன். என்னைப் போல இடைவெளிக்குப் பின் திரும்ப நினைப்பவர்களும், இப்படி ஒரு வேலை உண்டா என்று வியக்கும் நம் மக்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

எந்தெந்த விலங்குகளைப் பற்றிய பேச்சு இது?

முதன்மையாக மஸ்க்ராட், மிங்க், ரக்கூன், பீவர் ஆகிய நான்கு. மஸ்க்ராட் என்பது ஒரு கிலோ அளவில் இருக்கும் நீர்வாழ் கொறிவிலங்கு. பக்கவாட்டில் தட்டையான வாலும், உடலோடு ஒட்டிய அடர்ந்த பழுப்பு மயிரும் கொண்டது. மிங்க் என்பது கீரி போல மெலிந்த, நீரோரத்தில் வாழும் ஊனுண்ணி. ரக்கூன் என்பது கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வளையமிட்ட வாலும் கொண்ட இரவு விலங்கு. இந்தியாவில் எழுதப்பட்ட பழைய ஆங்கில நூல்களில் இதே பெயர் நம் வீட்டு மூஞ்சூறைக் குறிக்கும். அதற்கும் இதற்கும் உறவு இல்லை. அதே போலப் பீவரை ‘நீர்நாய்’ என்று மொழிபெயர்ப்பதும் பிழை. நீர்நாய் மீன் தின்னும் விலங்கு, காவிரியிலும் பவானியிலும் இருக்கிறது. பீவரோ மரப்பட்டையைத் தின்று, மரத்தை வெட்டி, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு. நீர்நாயின் அமெரிக்க இனமும் இந்த ஓடைகளில் வாழ்கிறது, அதைப் பிடிக்கத் தனி விதிகள் உண்டு.

ஏன் இலையுதிர்காலம்?

மயிர் முற்றும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. பகல் சுருங்கச் சுருங்க விலங்கின் உடல் கோடை மயிரை உதிர்த்துவிட்டு, நீண்ட வெளிமயிரையும் அதன் அடியில் பஞ்சு போன்ற உள்மயிரையும் வளர்க்கிறது. மயிர் வளர்ந்துகொண்டிருக்கும் வரை அதன் வேர்களில் நிறமி தேங்கியிருப்பதால், உரித்த தோலின் உட்புறம் நீலங்கலந்த கருமையாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் அதே உட்புறம் பாலேட்டின் நிறத்துக்கு வரும். வாங்குபவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்த உட்புறத்தைத்தான். மிங்க் நவம்பர் பிற்பகுதியில் முற்றிவிடும். பீவரும் மஸ்க்ராட்டும் குளிர்காலத்தின் பின்பாதியில்தான் முழுத் தரத்துக்கு வரும். அப்படியிருந்தும் மஸ்க்ராட்டை இலையுதிர்காலத்திலேயே பிடிப்பதற்குக் காரணம், ஓடை உறைவதற்கு முன் கிடைக்கும் சில வாரத் திறந்த நீர்தான்.

நீங்கள் ஏன் விட்டீர்கள்?

என் எட்டாவது பருவத்தில், பனிப்பொழிவும் அலுவலக வேலையும் சேர்ந்துகொண்டதால், நீரில் மூழ்கடிக்கும் வகைப் பொறிகளை மூன்றாம் நாள்தான் போய்ப் பார்த்தேன். மின்னசோட்டாவில் அத்தகைய பொறிகளை மூன்று நாளுக்கு ஒரு முறையேனும் பார்த்தால் போதும் என்பது விதி. ஆகவே சட்டப்படி என் மீது குற்றமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஓடையின் நீர்மட்டம் ஓரடி இறங்கியிருந்தது. பிடிபட்ட விலங்கை ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சறுக்குக் கம்பி சேற்றின் மேல் கிடந்தது. மஸ்க்ராட் ஒன்று முன்காலில் பிடிபட்டு, உயிரோடு, கரையோரச் சம்புத் தண்டுகளை எட்டிய வரையில் எல்லாம் கடித்துத் துண்டாக்கி வைத்திருந்தது. அது எத்தனை மணி நேரம் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை விரைவாக முடித்துவிட்டு, மற்றப் பொறிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் ஓடைப்பக்கம் பொறியோடு போகவில்லை.

பிறகு ஏன் திரும்பினீர்கள்?

தவறு பொறியில் இல்லை, என்னால் நாள்தோறும் போய்ப் பார்க்க முடிந்ததைவிட அதிகமாக வைத்ததில்தான் என்பதை ஏற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. ஓடையை விட்டு விலகியிருந்த ஆண்டுகளில் அதைப் பற்றிய அறிவும் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது என்பது இன்னொரு காரணம். எந்த வளைவில் புது வளை தோண்டப்பட்டிருக்கிறது, எந்த மதகுக் குழாயில் மிங்க் நுழைகிறது என்பதைப் பொறி வைப்பவர் அறிவது போல நடைப்பயிற்சிக்குப் போகிறவர் அறிவதில்லை.

அப்படியானால் எத்தனை பொறி வைக்கலாம்?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த விடையைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் எத்தனை பொறி இருக்கிறது என்பதையோ, தோல் என்ன விலைக்குப் போகிறது என்பதையோ வைத்து எண்ணிக்கையைத் தீர்மானிக்கக் கூடாது. வேலைக்குப் போகும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காய்ச்சலும் உறைமழையும் சேர்ந்து வந்தாலும், விடியற்காலையில் உங்களால் எத்தனையைக் கடைசிவரை நடந்து பார்த்துவிட முடியும் என்று கணக்கிடுங்கள், அதுதான் எண்ணிக்கை. முன்பு ஐம்பதுக்கு மேல் வைத்த நான் இப்போது பன்னிரண்டு வைக்கிறேன். மூழ்கடிக்கும் பொறிக்கு மூன்று நாள், மற்றவற்றுக்கு ஒரு நாள் என்று மாநில விதி பிரித்துச் சொன்னாலும், நான் எல்லாவற்றையும் நாள்தோறும் பார்க்கிறேன். போக முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், முந்தின நாளே எடுத்துவிடுகிறேன். வயதும் கணக்கில் வர வேண்டும்: முப்பதில் சேற்றில் இரண்டு மைல் நடந்த கால் ஐம்பதில் அதே வேகத்தில் நடக்காது.

நீண்ட இடைவெளிக்குப் பின் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மாநிலத்தின் இயற்கைவளத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை, பொறி விதிநூலைப் புதிதாகப் படிப்பதுதான். நினைவில் இருக்கும் விதி பழைய விதியாக இருக்கக்கூடும். மின்னசோட்டாவில் மஸ்க்ராட், மிங்க் பருவம் அக்டோபர் இறுதியில் தொடங்குகிறது. 1989 டிசம்பர் 31-க்குப் பின் பிறந்து, இதற்கு முன் பொறி உரிமம் பெறாதவர்கள் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஒவ்வொரு பொறியிலும் உரிமையாளரை அடையாளம் காட்டும் தகடு இருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் பழைய முகவரித் தகட்டோடு இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நீர்நாயைப் பதிவு செய்ய வேண்டும், அதன் தோல் நாட்டை விட்டுப் போக வேண்டுமானால் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின்படி அடையாளச் சீட்டும் வேண்டும். எல்லா மாநிலமும் ஒன்றல்ல: மாசசூசெட்சும் கொலராடோவும் 1996-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் பல வகைப் பொறிகளைத் தடுத்தன, வாஷிங்டன் 2000-இல் அதைச் செய்தது, கலிபோர்னியா 2019-இல் தோலுக்காகப் பொறி வைப்பதையே தடைசெய்த முதல் மாநிலம் ஆனது.

அடுத்தது நிலத்தின் உரிமையாளர். ஒன்பது ஆண்டுகளில் பண்ணை கைமாறியிருக்கும், அல்லது பெரியவர் காலமாகி மகன் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு தந்தை ‘எப்போது வேண்டுமானாலும் வா’ என்றார் என்பதற்காக நேரே ஓடையில் இறங்கிவிடாமல், செப்டம்பரிலேயே வாசலில் போய் நின்று கேட்பதுதான் முறை. நாய் வளர்க்கிறார்களா, குழந்தைகள் ஓடைக்கு வருகிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் கிடக்கும் பழைய பொறிகள் உதவுமா?

பெரும்பாலும் உதவும். வில்லை (ஸ்பிரிங்கை) அழுத்திப் பார்த்துத் தளர்ந்ததை ஒதுக்கிவிடுங்கள், சங்கிலியின் சுழல்வளையம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள், துரு செதில் செதிலாக உதிர்கிறது என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுச் சாயமரத்தூள் போட்ட நீரில் கொதிக்கவிடுங்கள். அந்தக் கருஞ்சாயம் துருவையும் பளபளப்பையும் தடுக்கும். கால்பிடிப் பொறிக்கு மெழுகு பூசலாம். உடலைப் பிடிக்கும் சதுரப் பொறிக்கு மெழுகு பூசினால் விசை வழுக்கி, கையில் இருக்கும்போதே விழுந்துவிடும்.

அந்தச் சதுரப் பொறியைக் ‘கோனிபேர்’ என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். கனடாவின் வடக்கில் பொறி வைத்து வாழ்ந்த ஃபிராங்க் கோனிபேர், விலங்கு காலில் பிடிபட்டுத் துன்புறாமல் உடனே இறக்க வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கியது அது. 1950-களின் இறுதியில் கடைகளுக்கு வந்தது. மஸ்க்ராட்டுக்கு 110 என்ற சிறிய அளவு, பீவருக்கு 330 என்ற பெரிய அளவு. 330-ஐக் கையாளும்போது பாதுகாப்புக் கொக்கியை மாட்டாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். ஒரு கை மாட்டிக்கொண்டால் மறு கையால் வில்லைக் கட்டி அவிழ்ப்பதற்கு ஒரு கயிற்றுத் துண்டு சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

ஓடையில் பொறிக்கு இடம் பார்ப்பது எப்படி?

முதல் உறைபனிகளுக்குப் பிறகு பாசி அடங்கி நீர் தெளிந்துவிடும். அப்போது முற்பகல் வெயில் பின்னாலிருந்து விழும்படி கரையில் நின்று, அசையாமல் அடிமண்ணைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சிறிது நேரத்தில், கரையின் அடிப்பகுதியிலிருந்து ஆழம் நோக்கி ஒரு சாண் அகலத்துக்கு ஒரு தடம் ஓடுவது கண்ணுக்குப் பிடிபடும்; சுற்றிலும் மெல்லிய வண்டல் படிந்திருக்க, அந்தத் தடத்தில் மட்டும் வண்டல் இல்லாமல் களிமண் அழுந்தி வழவழப்பாக இருக்கும். அது மஸ்க்ராட் நாள்தோறும் வளைக்குப் போய்வரும் பாதை. அதற்குச் சாட்சியாக, பல்லால் சரிவாக வெட்டப்பட்ட சம்புத் துண்டுகள் நீரில் மிதக்கும், நீரை ஒட்டிய கட்டைகளில் கருநிற எச்சம் இருக்கும். தடம் வண்டலால் மூடியிருந்தால் அந்த வளையில் இப்போது யாரும் குடியில்லை.

அந்தப் பாதையின் குறுக்கே, முழுதும் நீருக்குள் இருக்கும்படி 110 பொறியை நிறுத்தி, வில்லின் வளையத்தின் ஊடாக ஒரு குச்சியை மண்ணில் ஆழ அடித்து உறுதிப்படுத்துவேன். பொறிக்கு மேலே நீர்மட்டத்தை ஒட்டி இன்னொரு குச்சியைக் கிடத்தினால், மேலே நீந்தி வரும் விலங்கு அதற்கு அடியில் மூழ்கிச் செல்லும், நேரே பொறிக்குள். இரை எதுவும் வேண்டாம். இரை இல்லாத இடத்தில் வேறு விலங்கு சிக்குவதும் குறைவு.

மிங்குக்கும் ரக்கூனுக்கும் வேறு வழி. கரை செங்குத்தாக இறங்கும் இடத்தில், நீர்மட்டத்தில், ஓரடி ஆழத்துக்கு மேல்நோக்கிச் சாயும் ஒரு பொந்தைத் தோண்டி, அதன் உள்முனையில் ஒரு மீன் துண்டை வைத்து, வாயில் இரண்டு அங்குல நீருக்கு அடியில் கால்பிடிப் பொறியை வைப்பார்கள். கரையோரமாக ஓடும் மிங்க் ஒரு பொந்தைக்கூட எட்டிப் பார்க்காமல் கடக்காது. அங்கே சறுக்குக் கம்பி அவசியம், அதன் மறுமுனை உண்மையிலேயே ஆழமான நீரில் இருப்பது அதைவிட அவசியம். மழை பெய்து நீர் ஏறினாலும், மேலே மதகைத் திறந்து மூடி நீர் இறங்கினாலும், நேற்று சரியாக வைத்த பொறி இன்று சரியானது அல்ல. நான் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியில் நீர்மட்டத்தைக் கீறிவைக்கிறேன். காலையில் முதலில் பார்ப்பது அந்தக் கீறலை.

குளிர்ந்த நீரால் ஆபத்து எவ்வளவு?

நிறைய. மார்பு வரை வரும் நீர்புகாக் காலுடைக்கு மேல் இடுப்புப்பட்டையை இறுகக் கட்டுங்கள். விழுந்தால் உடைக்குள் நீர் நிறைவதை அது தாமதப்படுத்தும். உறைநீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் மட்டும், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு. அந்தப் பத்து நிமிடத்துக்குள் கரையேறிவிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எந்த ஓடைக்குப் போகிறேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன்.

இந்த விலங்குகளிடமிருந்து நோய் தொற்றுமா?

தொற்றும். நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று அறியப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் இங்கேயும் உண்டு. மஸ்க்ராட்டிடமும் பீவரிடமும் இருந்து வரக்கூடிய துலரேமியா என்ற பாக்டீரியா நோய் அதைவிட முக்கியம்: 1968-இல் வெர்மான்ட் மாநிலத்தில் மஸ்க்ராட்டைக் கையாண்டவர்களிடையே 47 பேருக்கு அது கண்டது. உரிக்கும்போது ரப்பர் கையுறை அணியுங்கள், விரலில் வெட்டு இருந்தால் அன்று உரிக்காதீர்கள். விரலில் புண்ணும் அக்குளில் நெறிகட்டும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால், மஸ்க்ராட் உரித்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுகொண்டால் நுண்ணுயிர்க்கொல்லியால் குணமாகும், ஆனால் அவராக அதை ஊகிப்பது கடினம்.

உரித்துப் பதப்படுத்துவது எப்படி?

முதலில் ஓடை நீரிலேயே சேற்றை அலசி, தொங்கவிட்டு உலர்த்துங்கள். ஈர மயிரோடு உரிக்கக் கூடாது. மஸ்க்ராட்டுக்கு ஒரு பின்காலின் குதியிலிருந்து மறு குதி வரை ஒரே கீறல், வாலடியைச் சுற்றி ஒரு கீறல், அவ்வளவுதான். பிறகு தலையணையின் உறையைக் கழற்றுவது போலத் தலை நோக்கி இழுத்துவிடலாம். கத்திக்கு வேலை வருவது காதிலும் கண்ணிலும் உதட்டிலும் மட்டுமே. மயிர் உட்புறமாக இருக்கும்படி கம்பிச் சட்டத்தில் மாட்டி, கொழுப்பை மழுங்கிய கத்தியால் வழித்தெடுங்கள். ஒன்பது ஆண்டு கழித்து உரித்த முதல் மூன்று தோல்களில் நான் அளவுக்கு மீறி வழித்து, மயிர்வேர் தெரியும்படி செய்துவிட்டேன். முதுகில் இருக்கும் செந்நிற மெல்லிய தசைப்படலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. அடுப்புக்கு அருகில் உலர்த்தாதீர்கள், குளிர்ந்த காற்றோட்டமே போதும். பீவர் மட்டும் வேறு: வயிற்றில் கீறித் திறந்து, பலகையில் நீள்வட்டமாக ஆணியடித்து விரிப்பது வழக்கம்.

இதில் வருமானம் உண்டா?

வருமானத்துக்காகத் திரும்புகிறவர்களைத் திரும்ப வேண்டாம் என்றே சொல்வேன். 2013-ஐ ஒட்டிய காலத்தில் மஸ்க்ராட் தோல் ஒன்று பத்து டாலரைத் தாண்டியது. சீனாவும் ரஷ்யாவும் வாங்கின. அந்தச் சந்தைகள் தளர்ந்ததும் விலை சரிந்தது. டொரண்டோவிலிருந்து இயங்கிய பெரிய ஏல நிறுவனமான நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் 2019-இல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. இப்போது ஒன்டாரியோவின் நார்த் பே நகரில் உள்ள ஏலக்கூடமே பலருக்கும் போக்கிடம். பீவர் மயிர் மட்டும் தொப்பிக்கான ஃபெல்ட் (மயிரை அழுத்திச் செய்யும் துணி) செய்ய இன்றும் விரும்பி வாங்கப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களைக் கனடாவின் உட்பகுதிக்கு இழுத்ததும் அதே தொப்பிதான்.

இது கொடுமை இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. என் தாய் இதை என்னிடம் கேட்டபோது என்னிடம் நல்ல விடை இல்லை. விலங்கு அச்சமும் வலியும் அறியும். அதனால்தான் கொல்லும் பொறி விரைவாகக் கொல்ல வேண்டும் என்று 1997-இல் கனடாவும் ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றியமும் உடன்படிக்கை செய்தன. அதன்படி மஸ்க்ராட் பொறி 300 நொடிக்குள் உணர்விழக்கச் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் என்பது எனக்கு நீண்ட நேரமாகவே தோன்றுகிறது. நன்றாக வைத்த 110 அதைவிட மிக விரைவாக வேலை செய்கிறது. மூழ்கடிக்கும் முறை அப்படி அல்ல, நீருக்குள் நெடுநேரம் மூச்சடக்கப் பழகிய விலங்குக்கு அது எளிய சாவு என்று நான் சொல்லமாட்டேன். ஆகவே மஸ்க்ராட்டுக்கு இப்போது 110 மட்டுமே வைக்கிறேன். மறுபுறம், பொறி என்றாலே அழிவு என்பதும் முழு உண்மை அல்ல: 1982 முதல் 1992 வரை மிசௌரி மாநிலத்தில் 800-க்கும் மேற்பட்ட நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டு அவ்வினத்தை மீட்டார்கள், அவற்றில் பெரும்பாலானவை லூசியானாவில் கால்பிடிப் பொறியால் உயிரோடு பிடிக்கப்பட்டவை.

பிடிப்பதால் இனம் குறைந்துவிடாதா?

மஸ்க்ராட் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஈனும், ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் எட்டுக் குட்டிகள். அவற்றில் பெரும்பாலானவை பொறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த இளவேனிலைப் பார்ப்பதில்லை. ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளாக வட அமெரிக்காவின் பல பகுதிகளில் மஸ்க்ராட் குறைந்துவருகிறது, பொறி வைப்பவர்கள் குறைந்த பிறகும்கூட. சதுப்பு நிலம் வடிக்கப்படுவதும், அணைகள் நீரின் ஏற்ற இறக்கத்தை மாற்றுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதே விலங்கு, 1905-இல் இன்றைய செக் நாட்டின் பிராகா அருகே விடப்பட்டு ஐரோப்பாவெங்கும் பரவி, நெதர்லாந்தின் கரைகளைத் துளைத்துவருகிறது. அங்கே நீர் வாரியங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பிடிக்கின்றன. என் ஓடையில் ஒரு வளைவுக்கு இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை; வெட்டிய சம்பு மிதப்பதைக் காணாத ஆண்டில் அந்த வளைவில் பொறியே வைப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள் பொறி வைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. பாம்புத்தோல் விற்று வாழ்ந்த இருளர்கள் அந்தச் சட்டத்துக்குப் பின், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள்.

இறைச்சியை என்ன செய்வது?

மஸ்க்ராட்டை உண்கிறார்கள். மிச்சிகனின் மன்ரோ பகுதியில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்க்கும் தவக்காலத்திலும் அதை உண்ணும் மரபு உண்டு. நான் மிளகும் பூண்டும் நிறையப் போட்டு வறுத்துப் பார்த்தேன். கால்களின் உட்புறத்தில் இருக்கும் சிறு சுரப்பிகளை எடுத்துவிட்டால் முயல்கறி போல இருக்கிறது. உண்ணாததை அடுத்த பொந்துப் பொறிக்கு இரையாக எடுத்துவைக்கிறேன்.

எப்போது நிறுத்துவது?

கரையோரம் கண்ணாடித்தாள் போல உறைந்து, காலையில் பனிக்கட்டியைத் தட்டி உடைத்துத்தான் பொறியைப் பார்க்க முடியும் என்ற நிலை வந்ததும் நான் எடுத்துவிடுகிறேன். பனிக்கட்டிக்கு அடியில் வைப்பது வேறொரு கலை. எடுக்கும் நாளில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். எந்த வளைவில், எந்த மரத்துக்கு நேரே வைத்தேன் என்று பருவம் முழுதும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவருவது அதற்காகத்தான். சென்ற நவம்பரில் பதினொன்றுதான் கிடைத்தது. இருட்டும் வரை தேடி, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மீண்டும் போய், கரை சரிந்து மண்ணுக்குள் புதைந்திருந்த பன்னிரண்டாவதைத் தோண்டி எடுத்தேன். விசை விழாமல் அப்படியே இருந்தது.